கிராம்பும் மாத்திரையும்

(உரைநடை – அறிவியல்)

நுழையும் முன்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சமையலறையில் இன்றும் அஞ்சறைப் பெட்டி உண்டு. மிளகு, சீரகம், ஓமம், கிராம்பு ஆகியவை அதில் இருக்கும். அதே வீட்டு அலமாரியில் மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை அட்டைகளும் இருக்கும். இவ்விரண்டில் எதை நம்புவது என்று வீடுகளில் வாதம் எழுவதுண்டு. இவை ஒன்றுக்கொன்று பகையா, துணையா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

1. சுனாபட்டியில் ஒரு மழைநாள்

மும்பைத் துறைமுக வழித்தடத்தில், குர்லாவுக்கு முந்தைய தொடர்வண்டி நிலையம் சுனாபட்டி. ‘சுனா’ என்றால் சுண்ணாம்பு. ‘பட்டி’ என்றால் சூளை. சுண்ணாம்புச் சூளையின் பெயரைத் தாங்கிய இவ்வூருக்கு மேற்கே சயானும் தாராவியும் உள்ளன. கிழக்கே செம்பூர் உள்ளது. பிழைப்புத் தேடித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர் பலர் இவ்வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழ்கின்றனர்.

அத்தகைய வீடு ஒன்றில் ஓர் ஆடி மாத இரவு. எட்டாம் வகுப்பு மாணவியின் தந்தைக்குக் கடுமையான பல்வலி. ஆச்சி அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்தார். “இதைப் பல்லின்மேல் வைத்து மெல்லக் கடித்துக்கொள், தம்பி” என்றார். சற்று நேரத்தில் அவ்விடம் மரத்தது, வலியும் தணிந்தது. ஆனால், விடிந்தபோது கன்னம் வீங்கியிருந்தது, உடலும் சுட்டது.

பல் மருத்துவர் சீழை வடித்துவிட்டு, அமாக்சிசிலின் என்னும் மருந்தை எழுதிக் கொடுத்தார். நாளொன்றுக்கு மூன்று வேளை. 5 நாள்களுக்கு 15 மாத்திரைகள். மூன்றாம் நாள் காலையில் வீக்கம் வடிந்தது, வலியும் இல்லை. அதுவரை 7 மாத்திரைகள் தீர்ந்திருந்தன.

“மீதம் 8 இருக்கின்றன. இவற்றை எடுத்து வைப்போம். அடுத்த முறை வலி வந்தால் உதவும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் காய்ச்சலாம்; அவருக்கு இரண்டு கொடுக்கலாம்” என்றார் தந்தை.

“கிராம்பு இருக்கும்போது மாத்திரை எதற்கு?” என்றார் ஆச்சி.

மாணவிக்கு இவ்விரண்டு கூற்றுகளும் சரியாகப் படவில்லை. மாலையில் தெருமுனை மருந்துக் கடைக்குச் சென்று மருந்தாளுநரிடம் கேட்டாள். அவர் ஓர் அட்டையை எடுத்து, அதன் பின்புறத்தில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

“மருத்துவர் சொல்லாமல் இதை வாங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது என்பதற்கு அடையாளம் இது. மீதியை எடுத்து வைப்பது சேமிப்பு அன்று, அம்மா. அது நோய்க்கிருமிக்கு நாம் நடத்தும் பயிற்சி வகுப்பு” என்றார் அவர்.

2. கிருமி கற்கும் பாடம்

நம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுள் ஒருவகை பாக்டீரியா. அவற்றுள் பல நமக்கு நன்மை செய்கின்றன. சில நோயைத் தருகின்றன. நோய் தரும் பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது அதன் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தே ஆன்டிபயாட்டிக். தமிழில் இதனை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்பர். 1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிவியலறிஞர், பூஞ்சை ஒன்றிலிருந்து கசிந்த பொருள் பாக்டீரியாவை அழிப்பதைக் கண்டார். அதுவே பெனிசிலின். அமாக்சிசிலின் அதன் குடும்பத்தைச் சேர்ந்தது.

பிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றார். அப்போது நிகழ்த்திய உரையிலேயே அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். தேவையான அளவைவிடக் குறைவாகப் பெனிசிலின் உட்கொண்டால், கிருமிகள் சாகாமல் அம்மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்பதே அவ்வெச்சரிக்கை.

கிருமிகள் எவ்வாறு தாங்குகின்றன? அவற்றுக்கு நான்கு வழிகள் உண்டு. மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பது முதல் வழி. மருந்து நுழையும் வாயிலைக் குறுக்கிக்கொள்வது இரண்டாம் வழி. உள்ளே வந்த மருந்தை ஒரு பம்பினால் இறைத்து வெளியேற்றுவது மூன்றாம் வழி. மருந்து தாக்கும் உறுப்பின் அமைப்பையே மாற்றிக்கொள்வது நான்காம் வழி. இவ்வாற்றல் பெற்ற ஒரு கிருமி பெருகினால், அதன் வழிவந்த அனைத்தும் அதே ஆற்றலைப் பெறும். இதுவே ‘மருந்து எதிர்ப்புத் திறன்’ எனப்படுகிறது.

மும்பை மக்கள் இதனை நேரில் கண்டவர்கள். 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாகிமில் உள்ள இந்துஜா மருத்துவமனையின் மருத்துவர்கள் வெளியிட்ட செய்தி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. சோதித்துப் பார்த்த எந்த மருந்துக்கும் அசையாத காசநோய்க் கிருமி நோயாளிகள் சிலரிடம் காணப்பட்டது என்பதே அச்செய்தி. அதற்கு முன்னரே, 2010இல், அம்மருத்துவமனையின் சரீர் உத்வாடியாவும் அவர்தம் குழுவினரும் தாராவியில் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று அங்குள்ள தனியார் மருத்துவர்கள் 106 பேரிடம் கேட்டனர். அவர்கள் 63 விதமான மருந்துச் சீட்டுகளை எழுதினர். சரியாக எழுதியவர்கள் 6 பேர் மட்டுமே. தவறான மருந்து, குறைந்த அளவு, பாதியில் நிறுத்திய சிகிச்சை ஆகிய மூன்றும் கிருமிக்கு வலிமை சேர்க்கின்றன.

புதிய நுண்ணுயிர் எதிர்ப்பியைக் கண்டறியப் பல ஆண்டுகளும் பெரும்பொருளும் தேவை. ஆகவே, அறிவியலறிஞர் வேறொரு கேள்வியை எழுப்பினர். கையில் இருக்கும் பழைய மருந்துக்கே ஒரு துணையைச் சேர்த்து, அதன் வலிமையைப் பெருக்க இயலுமா? அத்துணையைத் தேடிய அறிஞர்களுள் சிலர் தாவரங்களின் பக்கம் திரும்பினர்.

3. கிராம்பு காட்டிய வழி

துளசி இலையைக் கசக்கினால் மணம் எழுகிறது. ஓமத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலும் அவ்வாறே. இம்மணத்துக்குக் காரணம், அவற்றில் உள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெய். நல்லெண்ணெயைப் போல இதனைச் செக்கில் ஆட்டிப் பெறுவதில்லை. இலையையோ மொட்டையோ நீராவியில் காய்ச்சி, அந்த ஆவியைக் குளிர்வித்து வடித்து எடுப்பர். நீலகிரித் தைலம் இவ்வாறு கிடைப்பதே.

இவ்வெண்ணெய்களைத் தாவரங்கள் தமக்காகவே உருவாக்குகின்றன. ஓடவோ ஒளியவோ இயலாத செடிக்குப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ள இவையே படைக்கலம். ஓமத்தில் தைமால், கற்பூரவள்ளியில் கார்வக்ரால், எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், கிராம்பில் யூஜினால் என ஒவ்வொன்றிலும் ஒரு முதன்மைப் பொருள் உண்டு.

கிராம்பு என்பது மலராத மொட்டு. அதன் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் விளையும் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினாலே. பல்வலியை மரக்கச் செய்வதும் அதுவே. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நம் மூக்கை எட்டும் மணங்களுள் ஒன்றும் அதனுடையதே. பல்லின் குழியை அடைக்கும் கலவைகள் சிலவற்றில் யூஜினால் சேர்கிறது.

சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹேமைஸ்வர்யா, முகேஷ் டோபிள் ஆகிய இருவரும் இந்த யூஜினாலை ஆராய்ந்தனர். அவர்களின் ஆய்வு 2009இல் வெளிவந்தது. கிராம் எதிர் வகையைச் சேர்ந்த 5 பாக்டீரியாக்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். பத்து நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தனித்தனியே யூஜினாலுடன் சேர்த்து அவற்றின்மீது சோதித்தனர்.

கிராம் எதிர் பாக்டீரியாவின் சிறப்பு, அதற்குக் கூடுதலாக உள்ள வெளிச்சவ்வு. சயான் குன்றின்மேல் நிற்கும் கோட்டையை நினைத்துக்கொள்ளலாம். வீரனிடம் நல்ல வாள் இருக்கிறது. ஆனால், மதில் தடுக்கிறது. வான்கோமைசின் என்னும் மருந்து அத்தகைய வீரன். அது பெரிய மூலக்கூறு. இவ்வகைப் பாக்டீரியாவின் மதிலைக் கடக்க அதனால் எளிதில் இயலாது. யூஜினாலோ கொழுப்பில் கரைவது. பாக்டீரியாவின் சவ்வும் கொழுப்பால் ஆனது. எனவே, யூஜினால் அச்சவ்வில் புகுந்து அதனைச் சிதைக்கிறது. மதிலில் பிளவு விழுந்ததும் வாளேந்திய வீரன் உள்ளே நுழைகிறான்.

ஆய்வின் முடிவு வியப்பளித்தது. கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த அளவு, இரண்டையும் சேர்த்தபோது 5 மடங்கு முதல் 1000 மடங்கு வரை குறைந்தது. இரு பொருள்கள் சேரும்போது, அவற்றின் தனித்தனி வலிமைகளின் கூட்டலைவிட மிகுதியான பயன் கிடைப்பதைக் ‘கூட்டாற்றல்’ என்பர்.

4. மிளகின் துணை

மதிலைப் பிளப்பது ஒருவகைத் துணை. வேறுவகைத் துணையும் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். நல்லாதனார் இயற்றிய அறநூலுக்கு இம்மருந்தின் பெயரே சூட்டப்பட்டது. அந்நூலின் ஒவ்வொரு பாடலும் மூன்று கருத்துகளைக் கூறும். நம் நாட்டு மருத்துவ முறைகளில் திரிகடுகம் பிற மருந்துகளுடன் சேர்த்துத் தரப்படுவது வழக்கம்.

மிளகிலும் திப்பிலியிலும் உள்ள காரப்பொருளின் பெயர் பைப்பரின். இது ஆவியாகும் எண்ணெய் அன்று. எனினும், மருந்துக்குத் துணைசெய்வதில் அதற்கு உறவுமுறை. ஜம்முவில் உள்ள அரசு ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் பைப்பரினைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். பைப்பரின், உட்கொண்ட மருந்து குருதியில் கூடுதலாகச் சேர உதவுகிறது. ஸ்டெபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா மருந்தை வெளியேற்றப் பயன்படுத்தும் பம்பையும் அது தடுக்கிறது என்பதை அவர்கள் ஆய்வகத்தில் கண்டனர்.

இவ்வாராய்ச்சியின் பயனாக 2009இல் ‘ரிசோரின்’ என்னும் காசநோய் மருந்தைக் காடிலா நிறுவனம் வெளியிட்டது. வழக்கமாக 450 மில்லிகிராம் தேவைப்படும் ரிபாம்பிசின் அதில் 200 மில்லிகிராம்தான். உடன் 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்க்கப்பட்டது. அஞ்சறைப் பெட்டியின் பொருள் ஒன்று, முறையான சோதனைகளைக் கடந்து மாத்திரைக்குள் இடம்பெற்றது.

5. ஆய்வகமும் உடலும்

அப்படியானால், மாத்திரையுடன் கிராம்பு எண்ணெயையும் குடிக்கலாமா? கூடாது. காரணங்கள் தெளிவானவை.

முதலாவது, யூஜினால் ஆய்வு கண்ணாடிக் கலங்களில் நடந்தது. கலத்தில் மருந்தும் எண்ணெயும் கிருமியை நேரடியாகத் தொடுகின்றன. உடலிலோ அவை வயிற்றையும் குடலையும் கல்லீரலையும் கடந்து, குருதியில் கலந்து, நோயுற்ற இடத்தை அடைய வேண்டும். பாதி வழியிலேயே எண்ணெய் மாற்றமடைந்துவிடலாம். சரியான அளவை முடிவுசெய்ய மேலும் ஆய்வு தேவை.

இரண்டாவது, கொழுப்புச் சவ்வு கிருமிக்கு மட்டும் உரியது அன்று; நம் உடலின் உயிரணுக்களுக்கும் உண்டு. அளவு மிகுந்தால் எண்ணெய் நம்மையும் தாக்கும். கிராம்பு எண்ணெயை விழுங்கிய சிறு குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மருத்துவ உலகம் அறியும்.

மூன்றாவது, தாவர எண்ணெய் எப்போதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. மண், பருவம், பறிக்கும் காலம், காய்ச்சும் முறை ஆகியவற்றுக்கேற்ப அதிலுள்ள பொருள்களின் அளவு மாறும். மருந்தின் ஒவ்வொரு மாத்திரையும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும்.

எனவே, சமையலுக்கு இடும் கிராம்பு வேறு; மருந்தாக அளந்து தரும் யூஜினால் வேறு. முன்னது நம் உணவு. பின்னது, நுண்ணுயிர் எதிர்ப்பிக்குத் துணைமருந்தாக வர இன்னும் நெடுந்தொலைவு உள்ளது. துணை என்பது மாற்று ஆகாது என்பதே இங்கு நாம் நினைவில் கொள்ள வேண்டியது.

6. மீண்டும் வீட்டில்

மாணவி தான் அறிந்தவற்றை வீட்டில் கூறினாள். “ஆச்சி, நீங்கள் வைத்த கிராம்பு வலியைத் தணித்தது உண்மை. சென்னையில் பெரிய அறிஞர்களே கிராம்பை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால், அது மாத்திரைக்குத் துணையாகலாமா என்றுதான் பார்க்கிறார்கள். மாத்திரை வேண்டாம் என்று அவர்களும் சொல்லவில்லை.”

ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்:

“உன் அப்பா தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தபோது காசநோய் வந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. கோவில் கொடைக்கு ஊருக்குப் போனோம். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மருந்தை இங்கேயே விட்டுவிட்டு வந்தார். மறுபடி இருமல் வந்தபோது பழைய மருந்து கேட்கவில்லை. கடைசி வரையிலும் எனக்குக் காரணம் புரியவில்லை, தம்பி. இப்போதுதான் புரிகிறது.”

தந்தை எழுந்து சென்று அலமாரியைத் திறந்தார். நண்பகலில் தவறவிட்ட வேளைக்கு என்ன செய்வது என்று மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டறிந்து, அன்றைய மாத்திரையை உட்கொண்டார். பக்கத்து வீட்டு அண்ணனிடம் மாத்திரைக்குப் பதிலாக மருத்துவமனையின் முகவரி சென்று சேர்ந்தது. ஆச்சி ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். ஐந்தாம் நாள் இரவில் அந்த அட்டை காலியாயிற்று.

சொற்பொருள்

அஞ்சறைப் பெட்டி – சமையற்பொருள்களை வைக்கும் அறைகள் கொண்ட பெட்டி
மரத்தல் – உணர்ச்சியற்றுப் போதல்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
சவ்வு – மெல்லிய தோல் போன்ற படலம்
படைக்கலம் – ஆயுதம்
குருதி – இரத்தம்
கோவில் கொடை – தென்மாவட்டங்களில் ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழா

தெரிந்து கொள்வோம்

மருத்துவரின் சீட்டு இன்றி வாங்கக் கூடாத நுண்ணுயிர் எதிர்ப்பிகளை மக்கள் அடையாளம் காண, மருந்து அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டைப் பற்றிய விழிப்புணர்வு இயக்கத்தை இந்திய அரசு 2016இல் தொடங்கியது. சளி, சாதாரணக் காய்ச்சல் ஆகியவற்றுள் பல வைரசால் வருபவை. வைரசை நுண்ணுயிர் எதிர்ப்பி கொல்லாது.

பயிற்சிகள்

அ. பொருத்துக.

1. ஓமம் – பைப்பரின்
2. கிராம்பு – சிட்ரால்
3. மிளகு – தைமால்
4. எலுமிச்சைப் புல் – யூஜினால்

ஆ. மும்பையில் நீங்கள் கேட்கும் பெயருக்கு உரிய தமிழ்ப் பெயரை எழுதுக.

1. லவங்க் – ............
2. ஓவா – ............
3. காளி மிரி – ............
4. சுண்ட் – ............

இ. பிரித்து எழுதுக.

1. நறுமணம் = ............ + ............
2. வெந்நீர் = ............ + ............
3. நுண்ணுயிர் = ............ + ............
4. மருந்துக்கடை = ............ + ............

ஈ. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக.

1. மாத்திர சாப்டாச்சா?
2. வலி போயிருச்சு, இனிமே மருந்து வேண்டாம்.
3. டாக்டர்கிட்ட கேக்காம குடுக்கக் கூடாது.

உ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. சுனாபட்டி என்னும் பெயரின் பொருள் யாது?
2. பிளெமிங் 1945இல் விடுத்த எச்சரிக்கை என்ன?
3. கூட்டாற்றல் என்றால் என்ன?
4. திரிகடுகத்தில் அடங்கிய மூன்று பொருள்கள் யாவை?

ஊ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. கிருமிகள் மருந்தைத் தாங்கும் நான்கு வழிகளை விளக்குக.
2. யூஜினால் மருந்துக்குத் துணைசெய்யும் விதத்தைக் கோட்டை உவமையின் வழியே விளக்குக.
3. ‘துணை என்பது மாற்று ஆகாது’ – இக்கூற்றைக் காரணங்களுடன் நிறுவுக.
4. ஆச்சியின் மனமாற்றத்துக்குக் காரணம் மாணவியின் சொற்களா, ஆச்சியின் நினைவா? உமது கருத்தை எழுதுக.

எ. செயல்பாடு

உங்கள் வீட்டில் மீதமுள்ள மாத்திரை அட்டைகளைப் பெரியவர் ஒருவரின் துணையுடன் பாருங்கள். சிவப்புக் கோடு உள்ளவை எத்தனை? அவை ஏன் மீந்தன? வீட்டிலுள்ளோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதி வருக. ஆச்சி, தாத்தா ஆகியோரிடம் அஞ்சறைப் பெட்டி மருத்துவம் ஒன்றையும் கேட்டு, அவர்கள் கூறும் ஊர் வழக்குச் சொற்களை மாற்றாமல் குறித்து வருக.